அறியாததை இயக்காதே

"தண்ணீர் கொதிக்கும்போது கிளம்பும் குமிழிகளுக்குள் இருப்பது என்ன?" என்று மிக்ஸி கேட்டது.

"நீராவி. காற்று இல்லை," என்றாள் குமுதவல்லி, தேங்காய்ச் சில்லுகளைப் போட்டுக்கொண்டே. பச்சை விளக்கு எரிந்தது. மிக்ஸி ஓடியது.

அவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன் அதை எழுதியவளே அவள்தான். மேட்டுக்கரை நகரில் மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளுக்குள்ளும் பட்டாணி அளவில் ஒரு வினவி இருந்தது. நாளின் முதல் உபயோகத்துக்கு முன் அது ஒரு கேள்வி கேட்கும். பதில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொல்பவருக்கு அது உண்மையிலேயே புரிந்திருக்கிறதா, அல்லது மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறாரா என்பதைக் குரலை வைத்தே வினவி கண்டுபிடித்துவிடும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு அந்தப் பொருள் யாருக்கும் இயங்காது. மின்தூக்கி போன்ற பொதுப் பொருள்கள் மட்டும் தவறியவருக்கு மட்டுமே பூட்டிக்கொள்ளும்.

அறிந்தியக்குச் சட்டம் என்று அதற்குப் பெயர். அனல்மின் நிலையத்தில் ஒரு கொதிகலன் வெடித்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் செத்த பிறகு வந்த சட்டம் அது. கொதிகலனை இயக்கியவனுக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும். அழுத்தம் என்றால் என்னவென்று தெரியாது. செத்தவர்களில் குமுதவல்லியின் அண்ணனும் ஒருவன். அண்ணனின் உடல் என்று ஒரு பையைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் அறியாமையை ஒரு குற்றமாகத்தான் பார்த்தாள். வினவியை வடிவமைத்தவள் அவள். சட்டத்தில் 'எதற்கும் விதிவிலக்கு இல்லை' என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவளும் அவளே.

போன மாதம் அறிதல் வாரியத்தில் இன்னொரு ஆணையிலும் அவள் கையெழுத்திட்டாள். அதுவரை மிக்ஸி மோட்டாரைப் பற்றித்தான் கேட்கும், அடுப்பு வெப்பத்தைப் பற்றித்தான் கேட்கும். இனி எந்தப் பொருளும் அடிப்படை அறிவியலின் எந்தக் கேள்வியையும் கேட்கலாம். பாறை, மழை, ஒளி, காந்தம், பருவம், எதுவும். "தன் இயந்திரத்தை மட்டும் புரிந்துகொண்டவன் எதையும் புரிந்துகொள்ளவில்லை" என்று அவள் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

யாரோ கதவை இரண்டு கையாலும் தட்டினார்கள்.

எதிர்வீட்டு பிலோமினா நின்றாள். மீன் பதனிடும் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாற்பது வயது இருக்கும். அவள் கணவன் ராயப்பன் நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தான். காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரித்துத் தரும் காற்றுச்செறிவி ஒன்றுதான் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

"மேடம், கொஞ்சம் வாங்க. மெஷின் நின்னுபோச்சு. ஃபில்டர் மாத்திட்டு இன்னிக்கு மொத வாட்டி போட்டா கேள்வி கேக்குது. காத்தைப் பத்தி கேட்டா நான் சொல்லிருவேன். இது வேற என்னமோ கேக்குது. ரெண்டு வாட்டி தப்பாப் போச்சு."

குமுதவல்லி ஓடினாள். ராயப்பன் தலையணைகளில் சாய்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. காற்றுச்செறிவியின் திரையில் கேள்வி நின்றது: 'கோடைக்காலம் ஏன் வருகிறது?'

"நீ என்ன சொன்ன?"

"சூரியன் கிட்ட வருதுன்னு சொன்னேன். அப்புறம் பூமி கிட்டப் போகுதுன்னு சொன்னேன். நீங்க சொல்லிருங்க மேடம். உங்களுக்குத் தெரியும்ல?"

குமுதவல்லி வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் பதில் சொன்னால் இயந்திரம் அவள் பெயருக்கு மாறிவிடும். நாளைக்கும் அவள்தான் வரவேண்டும், நாளை மறுநாளும். ஆனால் அவளைத் தடுத்தது அது மட்டும் அல்ல. இந்தப் பெண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிட முடியும் என்று அவள் மனதார நம்பினாள். புரியாத மனிதர் என்று யாரும் இல்லை, சரியாகச் சொல்லாதவர்தான் உண்டு என்பது அவள் வழக்கமாகச் சொல்வது.

"பதறாத. இங்க பாரு," என்று அவள் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அதில் ஒரு தீக்குச்சியைச் செருகினாள். "இதுதான் பூமி. இந்த பல்பு சூரியன். குச்சி நேரா இல்ல, பாரு, சாஞ்சிருக்கு. சாஞ்சபடியே சுத்தி வருது. இந்தப் பக்கம் வரும்போது நம்ம பாதி சூரியனைப் பாத்துச் சாஞ்சிருக்கு. வெயில் செங்குத்தா விழுது, பகலும் நீளம். அதான் கோடை. கிட்ட, தூரம் எல்லாம் கணக்கே இல்ல. சொல்லப்போனா ஜனவரியிலதான் பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு."

"ஜனவரியில குளிருமே மேடம்?"

"அதைத்தானே சொல்றேன்! தூரம் காரணம் இல்ல. சாய்வுதான் காரணம். புரியுதா?"

பிலோமினா பழத்தைப் பார்க்கவில்லை. கணவனின் கழுத்துக்குழி உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "புரியுது மேடம், புரியுது."

"இப்ப சொல்லு."

பிலோமினா இயந்திரத்தின் அருகே குனிந்து, குமுதவல்லி சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், வெயில் செங்குத்தாக விழுவதால், பகல் நீளுவதால்.

"சொல் சரி. புரிதல் இல்லை," என்றது வினவி. சிவப்பு விளக்கு எரிந்தது.

குமுதவல்லி பாய்ந்துபோய்ப் பதிலைச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். தன் பெயரை, பதவியை, வாரிய எண்ணைச் சொன்னாள். திரையில் எண்கள் இறங்க ஆரம்பித்திருந்தன. இருபத்து மூன்று மணி, ஐம்பத்தொன்பது நிமிடம்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு இருவரும் ராயப்பனைப் போர்வையோடு தூக்கினார்கள். மின்தூக்கி குமுதவல்லியிடம் இடிமின்னலைப் பற்றிக் கேட்டது. அவள் கத்திப் பதில் சொன்னாள். கதவு திறந்தது. பதினோராவது மாடியிலிருந்து இறங்கும்போது ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் ராயப்பன் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தான். நான்காவது மாடியில் பிடி தளர்ந்தது. கீழே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அதன் ஓட்டுநர் காந்தப்புலம் பற்றிய கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லி வண்டியைத் தயாராக வைத்திருந்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் அடக்கம் செய்தார்கள். சித்திரை மாதம். சவக்குழியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். குமுதவல்லி பின்னால் தனியாக நின்றாள். மண் போட்டு முடிந்ததும் பிலோமினா வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிக் குமுதவல்லியிடம் வந்தாள்.

"மேடம், இங்க யாருக்குமே நெழல் இல்ல. காலுக்கடியிலயே கெடக்கு."

குமுதவல்லி குனிந்து தன் காலடியைப் பார்த்தாள்.

"எங்க மாமியாரை மார்கழியில பொதைச்சோம். இதே நேரம்தான். அன்னிக்கு நெழல் அந்தப் பக்கம் நீளமா விழுந்துச்சு. அப்ப வெயில் சாஞ்சு வருது, எளைச்சுப் போயி வருது. இப்ப நேரா நடு மண்டையில எறங்குது. அதானே மேடம் நீங்க சொன்னது?"

"அதான்," என்றாள் குமுதவல்லி.

"ஒரு நாள் கழிச்சுப் புரியுது பாருங்க."

அன்று மாலை வந்திருந்தவர்கள் கலைந்து போனதும் பிலோமினா வீட்டில் தனியாக இருந்தாள். பூட்டு விலகியிருந்த காற்றுச்செறிவி தானாகவே கேள்வியை மறுபடி காட்டியது. அவள் நிழலைப் பற்றிச் சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. குழாயின் நுனி வெறும் தலையணையின் மேல் கிடந்து புஸ்ஸென்று ஊதியது. எதிர்வீட்டில் குமுதவல்லிக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிலோமினா அதை நிறுத்தவில்லை.

விடிந்ததும் குமுதவல்லி வாரியத்துக்குப் போனாள். தலைவர் எத்திராஜுலு கொஞ்சம் பருத்த, நிதானமான மனிதர். அவர் முன்னால் அவள் ஒரே ஒரு தாளை வைத்தாள். மருத்துவக் கருவிகளிலிருந்து வினவியை உடனே நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"விதிவிலக்கு கூடாதுன்னு சொன்னதே நீங்கதானேம்மா?"

"நான்தான் சொன்னேன். தப்பு."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். கேள்விகள் கலக்கப்பட்ட ஒரு மாதத்தில் செத்தவர்கள் நாற்பத்தாறு பேர். குழந்தைகளுக்கான சூடேற்றுப் பெட்டி, இதயத் தூண்டி, தீயணைப்பு பம்பு. "உங்க காதுக்கு வரலையா? எனக்கு வந்துச்சு. நீங்களே வந்து கேக்கட்டும்னு இருந்தேன். உங்களை எதுத்துப் பேச எங்கள்ல யாருக்குத் துணிச்சல்? வாங்க, நிறுத்திடலாம்."

தலைமை வினவி நிலவறையில் இருந்தது. நகரத்தின் எல்லா வினவிகளுக்கும் அதுதான் மூளை. அதன் பராமரிப்புப் பொறியாளன் தாவூத் அவர்களுக்காகக் காத்திருந்தான். அவன் ஆணையை உள்ளிட்டான். திரை சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

'இதுவும் ஒரு கருவி. அமைப்பை மாற்றுவதற்கு முன் பதில் சொல்லவும். நான் புரிதலை எப்படி அளக்கிறேன்?'

தாவூத் திரும்பிப் பார்த்தான். "மேடம், பராமரிப்புக்கு இது கேக்காது. இதோட அமைப்பை இதுவரைக்கும் யாரும் மாத்தினதே இல்ல."

குமுதவல்லி முன்னால் வந்தாள். அவளுக்கு ஒரு வினாடி சிரிப்புக்கூட வந்தது. "தள்ளுப்பா, இதை உருவாக்கினவ நான்." அவள் நிதானமாகச் சொன்னாள். பேச்சின் இடைவெளிகள், சொல் தேர்வு, குரல் நடுக்கம். அவற்றை ஏற்கெனவே பதிந்துள்ள ஆயிரம் பேரின் குரல்களோடு ஒப்பிடும் முறை.

"அது பதினெட்டு வருடங்களுக்கு முன். சொல் சரி. புரிதல் இல்லை."

அவளுக்கு முகம் சிவந்தது. அது உண்மைதான். அதற்குப் பிறகு வினவி தானே கற்றுக்கொண்டது. தினமும் நகரத்தின் அத்தனை குரல்களையும் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று விட்டுவிட்டார்கள். தாவூத்துக்கு எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாம் வாய்ப்பில் எத்திராஜுலு முயன்றார். பயனில்லை. மூன்றாவதாகக் குமுதவல்லியே மறுபடி நின்றாள். இம்முறை கேள்வி மாறியிருந்தது.

'ஒருவர் சரியாகச் சொல்கிறார். நான் மறுக்கிறேன். தவறு அவரிடமா, என்னிடமா? அதை எப்படி அறிவீர்கள்?'

அவள் பிலோமினாவை நினைத்தாள். அன்று அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே புரியவில்லையா, அல்லது பயத்தில் குரல் உடைந்திருந்ததா? மறுநாள் பச்சை எரிந்தது நிழலைப் பார்த்ததாலா, இழக்க ஒன்றும் மிச்சமில்லாததாலா? பதினெட்டு வருடங்களில் பூட்டப்பட்ட அத்தனை பேரில் எத்தனை பேருக்குப் புரிந்திருந்தது?

"தெரியாது," என்றாள்.

சிவப்பு எரிந்தது.

"கம்பியைப் பிடுங்கிடலாமா?" என்றார் எத்திராஜுலு.

"சார்!" என்று தாவூத் குறுக்கே கையை நீட்டினான். "இதோட தொடர்பு அறுந்தா ஊர்ல எல்லாமே பூட்டிக்கும். தண்ணி, ஆஸ்பத்திரி, கடல் தடுப்புக் கதவு. ஏமாத்துறவங்க கம்பியை அறுத்துரக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கு."

யார் வைத்தது என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் மூன்று வாய்ப்பு. அதற்கு மறுநாள் மூன்று. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். கணித மேதைகள், மூளை ஆய்வாளர்கள், ஒரு மொழியியல்காரர். ஒவ்வொருவரும் முகம் வியர்த்துப் படியேறிப் போனார்கள். பட்டியலில் நாற்பத்தாறு எழுபதானது. பிறகு எத்திராஜுலு பட்டியலைக் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் குமுதவல்லி வீடு திரும்பினாள். மின்தூக்கி முன் நின்று பொத்தானை அழுத்தினாள்.

"மின்தூக்கி சீரான வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்பவரின் எடை கூடியதாகத் தோன்றுமா?"

மிக எளிய கேள்வி. எடை மாறியதாகத் தோன்றாது. வேகம் மாறும்போது மட்டுமே தோன்றும். அவள் அதை நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறாள். "தோன்றாது," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு எண்ணம் வந்தது: எனக்கு இது புரிந்திருக்கிறதா, அல்லது நானும் இத்தனை காலமாக ஒப்பிக்கிறேனா? அந்த எண்ணம் குரலில் எங்கோ ஒரு நூலிழை அளவு தெரிந்திருக்க வேண்டும்.

"சொல் சரி. புரிதல் இல்லை."

அவள் காரணத்தை விளக்கினாள். சிவப்பு. இன்னும் விளக்கமாக, நடுங்காமல் சொல்ல முயன்றாள். நடுங்காமல் சொல்ல முயன்றதுதான் கேட்டது. பூட்டிக்கொண்டது.

அவள் பக்கவாட்டிலிருந்த இரும்புக் கதவைத் தள்ளினாள். அந்தக் கட்டிடத்தில் ஒன்பது வருடங்களாகக் குடியிருந்தும் படிக்கட்டை அவள் பார்த்ததில்லை. உள்ளே ஒரு தெருவே இருந்தது. படிகளில் தண்ணீர்க் குடங்களோடு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் ஒருத்தி சுண்டல் விற்றாள். இன்னொரு திருப்பத்தில் கால் வீங்கிய ஒருவர் பாய் விரித்துப் படுத்திருந்தார். பலர் வருடக்கணக்காக அங்கேயே பாதி வாழ்க்கையைக் கழித்த தோரணையில் இருந்தார்கள். யாரும் அவளை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாடியிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்டல்காரி பாத்திரத்தை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

"எத்தனாவது மாடி?"

"பதினொண்ணு."

"இன்னிக்குத்தான் பூட்டிக்கிச்சா?"

குமுதவல்லி தலையசைத்தாள்.

"பரவால்ல, உக்காருங்க," என்றாள் அவள். "மொத வாரம் எல்லாரும் நாளைக்குத் தெறந்துரும்னுதான் சொல்லுவாங்க."