உம் பேருல நிக்கேன்

திருத்தங்கலில் பால்பாண்டி அண்ணன் தன் பிரவுசிங் சென்டரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"உங்க சுடுற ஆட்டம் அந்த ரெண்டு கம்ப்யூட்டர்லதாம்லே இருக்கு. ஒருக்கா பாத்துக்க. நாளைக்குப் பழைய இரும்புக்குப் போகுது." சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

உள்ளே மத்தியான வெயில் எட்டவில்லை. தூசி வாசனை. அதற்கடியில் லேசாகக் கந்தகம்.

அந்த ஆட்டத்தை உலகம் கண்டுகொள்ளவேயில்லை. உருவாக்கிய கம்பெனியே மூடிவிட்டது. கல்மண்டபத்துக்குள் இருவர் ஒருவரையொருவர் துரத்திச் சுட வேண்டும், அவ்வளவுதான். எதிராளி இல்லாவிட்டால், அவனைப் போலவே ஆடப் பழகிய பொம்மை ஒன்று அவன் பெயரில் இறங்கும். அதை நானும், பட்டாசு ஆலையில் என்னோடு வேலை பார்த்த பாண்டிராஜும் மட்டும் ஆடினோம். எப்போதும் அவனே ஜெயித்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, காய்ச்சல் என்று அவனிடம் பொய் சொன்னேன். அவனுக்கு அன்று லீவு.

"நீ படுலே. மருந்து அறையில உம் பேருல நான் நிக்கேன். சாயங்காலம் வந்து ஆட்டத்துல உன்னக் கொல்லுதேன்."

அவனைத் தோற்கடிக்கப் பழகுவதற்காக நேராக இங்கே வந்தேன். பத்தரை மணிக்கு ஆலைப் பக்கம் வெடித்த சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லீவு நாளில் பாண்டிராஜ் ஏன் வேலைக்குப் போய்ச் செத்தான் என்று அவன் அம்மா முருகம்மாள் அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டத்தைத் திறந்தேன். எதிரில் பொம்மை இறங்கியது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நொடி நின்று வந்தது. பாண்டிராஜும் அப்படித்தான். வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க, வாசலில் உள்ள செம்புத் தகட்டில் உள்ளங்கையை அழுத்த வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டு வாசல் நிலையையும் தொட்டுவிட்டுத்தான் நுழைவான்.

சுட்டேன். விழுந்தது. எழுந்தது.

அது திருப்பிச் சுடவில்லை.

அதன் தலைக்கு மேல் இருந்த பெயரைப் படித்தேன்.

மணிமுத்து.

என் பெயர்.

எதிர்க் கணினியை எட்டிப் பார்த்தேன். அதன் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் நிலையை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். கை எட்டும் உயரத்தில், அலுமினியப் பொடியின் வெள்ளி நிறத்தில், ஓர் உள்ளங்கை.

"எம்புட்டுத் தேய்ச்சாலும் போக மாட்டேங்குதுய்யா," என்றார். "என்ன, இந்தப் பக்கம்?"

வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சும்மாதான், அத்தை."

அவர் துணியைப் பிழியக் குனிந்தார்.

அந்தக் கைக்குப் பக்கத்தில், யாரும் தொடாமலே, மெல்ல, ஒவ்வொரு விரலாக, இன்னொரு கை பதிந்தது.