எழுந்து போகாதவரின் கட்டில்

ஆளில்லாத கட்டில் சமமாக இருக்க வேண்டும். அப்படித்தான் அவன் அதை வடிவமைத்திருந்தான். ஆனால் அன்று மாலை பட்டறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது, மெத்தை விரிக்காத அந்தக் கட்டிலின் குறுக்கு மரப்பட்டைகள் ஓரிடத்தில் பள்ளமாகவும் ஓரிடத்தில் மேடாகவும் நின்றன. யாரோ வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருப்பதைப் போன்ற அச்சு. மின்சார ஒயர் பிடுங்கப்பட்டுச் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தது.

அந்த அச்சு யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்காகச் செய்த அந்தக் கட்டிலில் ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. தோள் அழுத்தினால் அந்த இடம் இறங்கும், இடுப்பு தொங்கினால் அந்த இடம் ஏறித் தாங்கும். நோயாளி உருண்டு விழாமலிருக்க, ஓரத்து வளைந்த பட்டைகள் இருபக்கமும் எழுந்து உடம்பை அணைத்துக்கொள்ளும். படுத்தவர் காலைத் தரையில் ஊன்றித் தானாக எழுந்து போனால்தான் கட்டில் அவரை விட்டுவிட்டுச் சமமாகும். தூக்கத்தில் புரள்வதையும் அடுத்தவர் தூக்குவதையும் அது கணக்கில் எடுக்காது. அது அவனுடைய சொந்த யோசனை. அதற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டவன் அவன். தன்னைப் பற்றி அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம்தான்.

அதில் கடைசியாகப் படுத்தவர் அவனுடைய அக்காவின் கணவர். தச்சர். அந்தப் பட்டைகளை இழைத்து வளைத்ததெல்லாம் அவர் கைதான். குள்ளமான ஆள், குனிந்து குனிந்து வேலை செய்து முதுகில் கூன் விழுந்திருந்தது. ஓரப் பட்டைகள் ஓரளவுக்கு மேல் நெருங்காமல் தடுக்க, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கட்டை வைத்திருந்தார். அதனால் கட்டில் சோம்பலாக அசைகிறது என்று இவனுக்கு எரிச்சல்.

"கட்டைய மட்டும் எடுத்துடாதடா. எங்க நிறுத்தணும்னு கட்டிலுக்குத் தெரியாது" என்று மாமா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். இவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியாமல் எல்லாக் கட்டைகளையும் கழற்றினான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் அதில் கண்ணயர்ந்தவரைப் பட்டைகள் அணைத்தன. விடவில்லை.

இவன் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முதலில் ஒயரைப் பிடுங்கி, பட்டைகளை நெம்பி விலக்கி அவரைக் கீழே இறக்கிவிட்டு, கட்டைகளைத் திரும்பப் பொருத்தினான். பிறகுதான் கூச்சலிட்டு ஆட்களைக் கூப்பிட்டான். நெஞ்சுவலி என்றான். காப்பாற்ற நெஞ்சை அழுத்தினேன், அதில்தான் விலா நொறுங்கிவிட்டது என்று அழுதான். நன்றாகவே அழுதான். அக்காகூட அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது பக்கத்தில் இருந்தாயே என்றாள்.

காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் அவன் பட்டறையைத் திறந்திருக்கிறான். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிலைப் பார்க்க வருகிறார்கள். அவர்களோடு அக்காவும் வருவாள். அச்சில் தெரியும் அந்தக் கூனை அவள் பார்த்தால்? ஒயரைச் செருகிவிட்டு ஓடிப்போய், பட்டறைக் காவல்காரரை அழைத்துவந்து படுத்து எழச் சொன்னான். அவர் முனகிக்கொண்டே படுத்தார், எழுந்தார், போய்விட்டார். ஒரு பட்டைகூட அசையவில்லை. ஒயரை மறுபடி பிடுங்கிப் போட்டான். மரத்தூள் வாசனையோடு, மாமா முதுகுக்குத் தடவும் தைலத்தின் காட்டமான வாசனையும் எங்கிருந்தோ மெல்ல வந்து அறையை நிறைத்தது.

"விளக்கு எரியுதேன்னு வந்தேன்."

வாசலில் அக்கா நின்றிருந்தாள். கட்டிலைப் பார்த்தாள். மெதுவாக வந்து அந்தக் கூன் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது அவர் முதுகுடா."

"மோட்டார் கோளாறுக்கா. காலையில சரியாயிடும்."

"எப்படிச் சரியாகும்?"

"யாராவது படுத்துட்டுத் தானா எந்திரிச்சா போதும். தூக்கிவிட்டாக் கணக்குல வராது."

"அப்ப நீ படு."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"நீ செஞ்ச கட்டில்தான? அவர் நெஞ்சுவலியிலதான போனார்? அப்புறம் என்ன பயம்?"

மாட்டேன் என்றால் அந்த ஒரு சொல்லே போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். கட்டைகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, ஒயரும் செருகவில்லை, என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு செருப்பைக் கழற்றினான். படுத்தான். மாமாவைவிட அவன் ஒரு முழம் உயரம். அந்தப் பள்ளத்தில் அவன் இடுப்பு பொருந்தவில்லை, கால்கள் அச்சுக்கு வெளியே நீண்டு கிடந்தன. மரம் சில்லென்றிருந்தது. பிறகு அவ்வளவு சில்லென்று இல்லை. ஆள் இப்போதுதான் எழுந்து போன படுக்கையின் இளஞ்சூடு.

அடியில் எதுவோ தரையில் விழுந்தது.

டக்.

ஒரு கட்டை.

டக். இன்னொன்று. பிறகு வரிசையாக.

அவன் எழப் பார்த்தான். இருபக்கமும் பட்டைகள் எழுந்து நின்றன. தோள் இறுகியது.

"அக்கா, தூக்கிவிடுக்கா."

அவள் அசையவில்லை. "தூக்கிவிட்டாக் கணக்குல வராதுன்னு நீதானடா சொன்ன. தானா எந்திரி."

"அக்கா..."

"அவருக்குச் சட்டை மாத்தினது நான்தான். நெஞ்ச அழுத்தினா முன்பக்கந்தான் உடையும். அவருக்கு ரெண்டு விலாப்புறமும் ஒரே மாதிரி வரிவரியாப் பதிஞ்சிருந்துச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "நீயா வந்து சொல்லுவன்னு காத்திருந்தேன். தம்பியாச்சேன்னு. நீ சொல்லல."

சொல்ல வேண்டும் என்று இப்போது அவனுக்குத் துடித்தது. எல்லாவற்றையும் சொல்ல. ஆனால் சொல்ல மூச்சு வேண்டும்.

பட்டைகள் அவசரப்படவில்லை. தோளை முன்னால் தள்ளின. கழுத்தைத் தாழ்த்தின. முதுகின் நடுவில் ஒரே ஒரு பட்டை எழுந்து, எலும்பு எலும்பாகத் தேடி, ஓரிடத்தில் நின்று, அழுத்தியது. உள்ளே ஈர விறகு ஒடியும் சத்தம். அவன் உடம்புக்குள்ளிருந்து. கால்மாட்டில் பட்டைகள் அவன் பாதங்களைத் தொட்டன. மேலே தள்ளத் தொடங்கின. ஒரு முழம். அந்த ஒரு முழத்துக்குப் போக இடமில்லை. இடமில்லாத இடத்துக்குப் போனது.

வலி ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. கண் மட்டும் தெரிந்தது. அக்கா கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கீழே பட்டைகள் மெல்லத் தாழ்ந்து, இதமாக இடம் கொடுத்தன. அவள் அவன் முதுகில் புதிதாக எழும்பியிருந்த மேட்டை வருடினாள்.

"ஏங்க" என்றாள், தணிந்த குரலில்.

அவன் தொண்டையிலிருந்து மாமாவின் குரல், "ம்" என்றது.