அட்டையில் இல்லாத பாட்டு

பிரேம்குமார் திருச்சியிலிருந்து காரில் வந்து இறங்கியபோது, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அன்றைய வெடி முடிந்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கியிருந்தன. வாசலில் நிறுத்திய காரின் மேல் அதற்குள் தூசி படிந்துவிட்டது. அவன் விரலால் தொட்டுப் பார்த்து, "அரியலூர் வந்தா காருக்கும் பவுடர் போட்டுத்தான் அனுப்புவீங்க போலக்கா" என்றான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

பழைய சிடிக்களை விலைக்கு வாங்கும் அவனை அனுப்பியது என் கொழுந்தன் ராஜதுரை. என் கணவர் கலைச்செல்வன் இறந்து கருமாதியும் முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. கல்லு மாதிரி உக்காந்திருக்கா என்று சொந்தக்காரர்கள் கூடத்தில் பேசியது எனக்குக் கேட்டது. அவர் பொருள்களை அப்புறப்படுத்தினால் அழுகை வரும் என்று யாரோ ராஜதுரையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் பொருள்கள் என்றால் சிடிக்கள்தான்.

அறைக் கதவைத் திறந்துவிட்டேன். தூசி புகாமலிருக்க அவர் ஜன்னல்களை அடைத்து, கனத்த துணியைத் தொங்கவிட்டிருந்தார். நடுப்பகலிலும் உள்ளே இருட்டுதான். புதுக் காகிதமும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை. சுவர் முழுக்க வெளிநாட்டு ஆல்பங்கள், பெரும்பாலும் ஜப்பானில் அச்சானவை. ஒரே ஆல்பம் எல்லா நாட்டிலும் வந்தாலும், ஜப்பான் பதிப்பில் மட்டும் கடைசியில் ஒரு பாட்டைக் கூடுதலாகச் சேர்ப்பார்களாம். அந்த ஒரு பாட்டுக்காக அவர் மாதக்கணக்கில் காத்திருந்து தபாலில் வரவழைப்பார்.

பிரேம்குமார் சிடிக்களை ஓரம் பிடித்து எடுத்து, விளக்கில் சாய்த்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. "அண்ணன் இதையெல்லாம் கேட்டாரா, இல்ல பூசை பண்ணாராக்கா?"

கேட்டார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். எங்கள் குழந்தையை இழந்த வருடம் தொடங்கிய பழக்கம் அது.

பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் உயிரில்லாமல் பிறந்தாள். எனக்குக் காட்டவில்லை. பார்த்தால் மறக்க மாட்டாள் என்று சொல்லி, நான் மயக்கத்தில் கிடக்கும்போதே துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்துப் போனவர் அவர். எங்கே புதைத்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "அத விடு அனு" என்றார். உடையார்பாளையத்தில் அவர் வீட்டு முந்திரிக் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் சருகுக்குள் சின்ன மேடு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பேன். மருதையாற்றுப் பாலத்தைப் பஸ் கடக்கும்போது கரையைப் பார்ப்பேன்.

அப்புறம் அவர் முதுகிடம் கேட்க ஆரம்பித்தேன். ஹெட்போன் போட்டிருக்கும்போது அவருக்கு எதுவும் கேட்காது என்ற தைரியம்தான். கதவருகே நின்று துணி மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்பேன். மற்றவர்கள் சாமி கும்பிடுகிற மாதிரி எனக்கு அது. அவர் நாற்காலியிலேயே இறந்துபோன அன்றும் கேட்டேன். பதில் வராததில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுத் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

நாற்காலி காலியான பிறகும் கேட்கிறேன். பழக்கம்.

பிரேம்குமார் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் பாட விட்டான். அந்தப் பாட்டுகளை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒவ்வொரு சிடியிலும் முதல் பாட்டைக் கொஞ்சம், கடைசிப் பாட்டைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்ப்பது அவன் வழக்கமாம். நான் காப்பி கலந்து எடுத்து வந்தபோது அவன் ஒரு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையில் இருப்பதைவிட ஒரு பாட்டு அதிகமாக இருக்கிறது என்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது. இப்படி ஒரு பதிப்பு இருப்பது யாருக்கும் தெரியாதாம்.

அந்தப் பாட்டை ஓடவிட்டான்.

பாட்டு இல்லை. ஓர் அறையின் அமைதி. துணியை உதறும் சத்தம்.

பிறகு ஒரு பெண் குரல், தாழ்வாக.

"பாப்பாவ எங்க வச்சீங்க?"

பிரேம்குமார் என்னைப் பார்த்தான். நான் காப்பியை மேஜையில் வைத்தேன்.

அவன் அடுத்த சிடியைப் போட்டான். அதிலும் ஒரு பாட்டு அதிகம். அதே குரல், அதே கேள்வி, பின்னால் மழைச் சத்தம். மூன்றாவதில் எனக்கு ஜலதோஷம். நான்காவதை அவன் கையில் எடுத்துவிட்டுப் போடாமல் திரும்ப வைத்தான்.

"அக்கா, இது ஃபேக்டரில அச்சடிச்சு வரது. வூட்ல வச்சு இதுல எதையும் பதிய முடியாது."

"சரி தம்பி."

"இது உங்க குரலுங்க."

"ஆமா."

அவன் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி, காப்பியைக் குடிக்காமலேயே போனான். கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் மனதில் ஓடியது வேறு. அவருக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது. கேட்டும் திரும்பவில்லை.

மேஜையில் இன்னும் பிரிக்காத ஒரு சிடி இருந்தது. அவர் இறந்த பிறகு தபாலில் வந்தது அது. மேலே ஒட்டிய கண்ணாடித்தாளை நகத்தால் கிழித்தேன். பெட்டியின் ஓரத்தில் சுற்றியிருந்த ஜப்பானியக் காகிதப் பட்டை நழுவி விழுந்தது. சிடியைப் போட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருக்கை இன்னும் அவர் அளவுக்குக் குழிந்திருந்தது.

பாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. எதையும் தாண்டவில்லை. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அட்டையில் போட்டிருந்த கடைசிப் பாட்டும் முடிந்தது.

ப்ளேயரில் பாட்டு எண் இன்னும் ஒன்று கூடியது.

அமைதி. துணி உதறும் சத்தம் இல்லை. என் குரல் மட்டும், சற்று வறண்டு. அவர் இல்லாத நாற்காலியிடம் கேட்கிற குரல்.

"எங்க வச்சீங்க? இப்பவாச்சும் சொல்லுங்களேன்."

நாற்காலி கிறீச்சிட்டது.

நான் அசையவில்லை. சத்தம் ஸ்பீக்கரில்தான் வந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைக்கிற சின்னத் தட்டல். அவர் திரும்புகிறார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் திரும்புகிறார்.

அவர் பேசியது என்னிடம் இல்லை. தூங்குகிற யாரையோ எழுப்புவது போல, குனிந்து, மெதுவாக.

"எந்திரிம்மா. அம்மா கேக்குறா பாரு. நீயே சொல்லு."

அதோடு எண் அணைந்தது. சிடி சுற்றி நின்றது.

நான் ப்ளேயரை நிறுத்தினேன். சுவரில் இருந்த பிளக்கையும் பிடுங்கினேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

சின்ன மூச்சு. அழுவதற்கு முன் குழந்தைகள் இழுத்துப் பிடிக்கிற மூச்சு. ஸ்பீக்கர் பக்கமிருந்து வரவில்லை. நாற்காலிக்குக் கீழேயும் இல்லை. மிகப் பக்கத்தில், என் முழங்கைக்கு உள்பக்கம், கை தானாக வளைந்து ஏந்தியிருந்த இடத்தில்.

அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் கை கனத்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. காத்திருந்தேன்.

அவள் அழுதாள்.

மார்பில் சுருக்கென்று ஏதோ இழுத்தது. குனிந்து பார்த்தேன். இரவிக்கையின் இரண்டு பக்கமும் நனைந்து, வெதுவெதுப்பாகப் பால் வழிந்துகொண்டிருந்தது.