லக்கேஜ் சீட்டில் ஒரு சுழி

காலை 9.35. ஈரோடு பாசஞ்சர் வர இன்னும் ஐந்து நிமிடம். லக்கேஜ் அறையில் வைத்திருந்த தகரப் பெட்டியைக் காணவில்லை.

அது ஒரு பழைய பிஸ்கட் பெட்டி. அதற்குள் ஒரு மண் கலயம். கலயத்துக்குள் குஞ்சம்மாளின் ஒரே மகன் மாரியப்பன். ஜலகண்டாபுரத்துச் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போன பையன், நான்கு நாட்களுக்கு முன் வாந்திபேதியில் போய்விட்டான். தாய் போய்ச் சேர்வதற்குள் எரித்தும் விட்டார்கள். சொந்த ஊரான பள்ளிபாளையத்தில், அவன் நீச்சல் பழகிய காவிரித் துறையில், அன்று பொழுது சாய்வதற்குள் கரைத்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

1936, ஆடி மாதம். லக்கேஜ் கிளார்க் சுவாமிநாதனுக்கு அந்த ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். படுக்கை, சோற்றுக்கூடை, தண்ணீர்க் கூஜா கையோடு போகலாம்; டிரங்குப் பெட்டி, சைக்கிள், தையல் மெஷின் எல்லாம் ரயிலின் கடைசியில் சாமான் ஏற்றும் பிரேக் வண்டிக்கு; பட்டாசும் மண்ணெண்ணெயும் எதிலும் ஏறக்கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். காணாமல் போன சாமான்களைக் கண்டுபிடிப்பதிலும் கெட்டிக்காரர். நல்ல மனிதர்தான். அதனால்தான் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

காலை 8.10க்கு நடந்தது இது. பெஞ்சில் இருந்த பட்டு வியாபாரி, கலயத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார். சுவாமிநாதன் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மடியிலயே வெச்சுக்கறனுங்க சாமி. ஆருக்கும் ஒரு எடைஞ்சலும் இல்லீங்க. எம் பையனோட அஸ்திங்க."

"அடுத்தவங்களுக்கு அருவருப்பு தர்ற சாமான் ஆளுங்க ஏற்ற ரயில் பெட்டிக்குள்ள கூடாதும்மா. பிரேக் வண்டியில பத்திரமா வரும். நான் பொறுப்பு."

சொன்னபடி செய்தார். தன் பிஸ்கட் பெட்டியைக் காலி செய்து, வைக்கோல் வைத்து, கயிறு கட்டி, அரக்கு முத்திரையும் போட்டார். சாமான் விவரத்தைச் சீட்டில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். அவர் எழுத்துக்கு ஊரில் பெயர் உண்டு. ஒவ்வோர் எழுத்தின் வாலையும் ஒரு சுழி சுழித்துத்தான் விடுவார். பிறகு ஒன்பது மணிக்கு டியூட்டிக்கு வந்த பார்சல் கிளார்க் சின்னராஜிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். குஞ்சம்மாள் வியாபாரியின் ஏச்சுக்குப் பயந்து பிளாட்பாரக் கோடியில் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள்.

9.40. பாசஞ்சர் வந்து நின்றது. ரயில்வே போலீஸ் ஏட்டு காளியண்ணன், போர்ட்டர் வீரனின் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்து வந்தார்.

"உள்ள போனது இவனொருத்தன்தானுங்க."

"எதுக்குப் போனே வீரா?" என்றார் சாப்பிட்டுத் திரும்பியிருந்த சுவாமிநாதன்.

"பட்டு மூட்டை வெக்கங்க. ஒரே தடவைதானுங்க."

"பெட்டியைத் தொட்டியா?"

"அய்யோ சாமி! அஸ்தின்னு அந்தம்மா வாயில கேட்டப்பவே நான் தொடமாட்டேன்னுட்டனுங்களே. அந்தம்மாவேதானுங்க தூக்கியாந்து வெச்சாங்க."

வியாபாரி தன் மூட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இத்தனை பட்டு கெடக்குது. அந்தச் சனியனை எவன் எடுப்பான்?"

கேட்ட வாய் பொல்லாத வாய்தான். ஆனால் கேள்வி சரியானது. சுவாமிநாதன் யோசித்தபடி அறையைச் சுற்றினார். தராசுக்கு அடியில் அந்தப் பெட்டியில் ஒட்டிய சீட்டு கிழிந்து கிடந்தது. எடுத்தார். யாரோ எழுதியதைப் படிப்பதுபோல எட்டப் பிடித்துப் படித்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

9.50. பெட்டி ஏறாமல் தானும் ஏறமாட்டேன் என்று நின்ற குஞ்சம்மாளை ஏற்றாமலே வண்டி போயிற்று.

"சின்னராஜ், அந்தப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் ஒம்பது மணிக்குத்தானுங்களே வந்தேன். ஆரோ ஊட்டுச் சொத்துபத்தை அரக்கு வெச்சு..."

சின்னராஜ் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சொத்துபத்துன்னு உனக்கு ஆரு சொன்னது?" சுவாமிநாதன் அவன் பக்கம் திரும்பினார். "காதால கேட்டவங்க ஒருத்தரும் அந்தப் பெட்டிகிட்டப் போகல. வீரன் தொடல, வியாபாரி வெரட்டினாரு. சீட்டை மட்டும் படிச்ச ஆள் நீ ஒருத்தன்தான். எல்லாருக்கும் அது அஸ்தி. உனக்கு மட்டும் ஆஸ்தி."

அவர் சீட்டை ஏட்டிடம் நீட்டினார். 'அ'வின் வால் அழகாகச் சுழிந்து 'ஆ'வாக நின்றது. "திருடினது இவன். திருட வெச்சது என்னோட சுழி."

சின்னராஜ் மறுக்கவில்லை. "பிரிச்சுப் பார்த்தாத்தானுங்க அஸ்தின்னு தெரிஞ்சுது. கலயத்தை ஒளிக்க எடமில்லீங்க. சாம்பல்தானேன்னு..." என்று வெளியே கை காட்டினான்.

அது என்ஜின் சாம்பல் தட்டும் குழி. பாசஞ்சர் என்ஜின் அப்போதுதான் தட்டிவிட்டுப் போயிருந்தது. வெந்த கரியும் கட்டியும் சாம்பலுமாக இன்னும் புகைந்தது. ஓரத்தில் கலயத்தின் ஓடுகள் கிடந்தன.

10.05. சுவாமிநாதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் குழிக்குள் இறங்கினார். முழங்கால்வரை புதைந்தார். யார் சொன்னார்களோ, குஞ்சம்மாள் ஓடி வந்து குழியோரம் உட்கார்ந்தாள். திட்டவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. சாம்பலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"இதுல எம் பையன் எதுங்க சாமி?"

சுவாமிநாதன் சுடச்சுட இரண்டு கையாலும் அள்ளினார். அள்ளியதைக் கீழே போடவும் முடியவில்லை, அவளிடம் கொடுக்கவும் முடியவில்லை.