கதவு பூட்டாத கதை

"ஏட்டையா, எங்க கதையை யாரோ முடிக்கவே விடமாட்டேங்கறாங்க" என்று மூச்சு வாங்க வந்து நின்றாள் ஆசிரியை.

வேலைக்குப் போகிறவர்கள் எழுதப் படிக்கக் கற்கும் ஞாயிறு வகுப்பு அது. ஆளுக்கொரு கணினியில் உட்கார்ந்து, இணையத்தில் ஒரே பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து கதை எழுதினார்கள். பிழைக்கப் போன கணவனுக்காக வாசலைப் பார்த்திருக்கும் ஒருத்தியின் கதை. 'அவன் வரவில்லை. அவள் கதவைப் பூட்டினாள்' என்று வாராவாரம் முடிப்பார்கள். வகுப்பு கலைந்ததும் அந்த முடிவு மட்டும் அழிந்துவிடும்.

"யார் அழிச்சாலும் பேரு பதிவாகும். கொத்துவேலை மேஸ்திரி பேருதான் வருது. இன்னிக்குள்ள தீரலைன்னா ஆளை வகுப்பை விட்டு நிறுத்திடுன்னு, இதை நடத்துற ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இந்த வயசுல ஆசைப்பட்டு வந்த மனுஷன்."

"அப்போ அவர்தான்! பிடிச்சிடலாம் மாமா" என்று துள்ளினான் ஏட்டையாவின் மைத்துனன்.

"நீ மொதல்ல செருப்பைச் சரியா மாட்டு."

வகுப்பறையில் எல்லாரும் இருந்தார்கள். மேஸ்திரியின் கணினி மேல் ஏட்டையா குனிந்தார். எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் சிமென்ட் தூசு. அதன்மேல் ஒரு சிவப்பு நூல் துணுக்கு.

"மேஸ்திரி, கிளம்பும்போது 'வெளியேறு'ன்னு இருக்கே, அதை அமுக்குவீங்களா?"

மேஸ்திரி பதறினார். "ஐயையோ! அதை அமுக்கினா எழுதினதெல்லாம் வெளிய போயிடாதா? கஷ்டப்பட்டுக் கட்டின சுவரை நானே இடிப்பேனா?"

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு அதே பயம்.

"ஆக, இவருக்கு அப்புறம் இங்க யார் உக்காந்தாலும் இவர் பேருதான் விழும்" என்றார் ஏட்டையா. "குறும்புக்காரன்னா முழுசா அழிச்சிருப்பான். இந்த ஆளு, கதையில அவ காத்திருக்கிற வரி வரைக்கும் பத்திரமா விட்டுட்டுப் போகுது. டீச்சர், எல்லாரும் போனப்புறம் இங்க யாரு இருப்பாங்க?"

"பஸ் வர்ற வரைக்கும் தையல்கார அக்கா..." ஆசிரியை பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தையல்காரி எழுந்தாள். முந்தானையில் இன்னும் சிவப்பு நூல் ஒட்டியிருந்தது.

"பேரு விழும்னே தெரியாது அண்ணே. திறந்திருந்திச்சு, உக்காந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படிப் போனவர்தான். நீங்கள்லாம் சிரிச்சுக்கிட்டே பூட்டறீங்க. நான் இன்னிவரைக்கும் தாழ்ப்பாள் போடாமத்தான் படுக்கறேன்."

மைத்துனன் தரையைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தங்கச்சி?" என்றார் மேஸ்திரி. "அந்த முடிவை நானே எழுத விட்டிருக்கமாட்டேனே."

ஆசிரியை ஆபீசுக்குப் போன் செய்தாள். "யார் மேலயும் தப்பில்லைங்க. கதை இன்னும் முடியலை, அவ்வளவுதான்." பிறகு தையல்காரியிடம் திரும்பினாள். "முடிவை நீங்க எழுதுங்கக்கா. உங்க பேர்லயே."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, விரலை எழுத்துகளின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

ஒவ்வொரு திரையிலும், காத்திருக்கும் அந்த வரிக்குப் பக்கத்தில், அவள் பெயரைத் தாங்கிய சின்னக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.