குண்டன் சொன்ன பாதி

மாலை ஏழு மணி. நாடகக் கொட்டகையில் எல்லா விளக்கும் எரிந்தன. உள்ளே ஈ காக்கைகூட இல்லை. புது நாடகத்துக்கு அன்றுதான் முதல் நாள். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய முதலாளி காலி நாற்காலிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். நடிகர்கள்கூட வரவில்லை. வாசல் கதவில் ஒரு சுவரொட்டி: இன்று நாடகம் இல்லை. அதை அவர் போடச் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். பாதிக் கண் மூடியபடி நடக்கிற பெண்மணி. ஸ்டேஷனில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அன்று ஊரே தூங்கி வழிந்துகொண்டுதான் இருந்தது. பனியில் வீடுகள் மிதந்தன. எதிரே வந்தவர்கள் தலையும் தோளுமாக முளைத்து, ஒரு வணக்கம் சொல்லி, மறுபடி கரைந்துபோனார்கள். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"நேத்தும் இதே பனிதானா?"

"இதைவிட மோசம் மேடம். எல்லாம் அந்த அச்சுக்கோக்கறவ வேலைதான்!" முதலாளி கொட்டகைக்குப் பின்னாலிருந்த அச்சறையைக் காட்டினார். "பூட்டு உடையலை. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு அவகிட்ட. லீவு குடுக்கலைன்னு முந்தாநாள்தான் சண்டை போட்டா. இன்னிக்கே சீட்டைக் கிழிக்கிறேன்!"

அச்சுக்கோப்பவள் அழுது ஓய்ந்த முகத்தோடு நின்றாள். கொட்டகையின் சுவரொட்டி எல்லாம் அவள் கைவேலை. இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை தெரியாது.

"சாவி எங்க இருக்கும்?"

"எதிர் மாடியில, எங்க வீட்டு ஆணியில மேடம். நேத்து மத்தியானம் தூங்கிட்டேன். எங்க அண்ணாவும் அங்கதான் இருந்தாரு. நாடகத்துல அவர்தான் கதாநாயகன்."

இன்ஸ்பெக்டர் சுவரொட்டியை மேசையில் விரித்தார். 'இன்று நாடகம்' என்ற மேல்வரி தடித்த எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் செங்கல் வைத்ததுபோல் சதுரமான கனத்த பட்டை. யார் தள்ளினாலும் அசையமாட்டேன் என்று நிற்கிற எழுத்து. கீழே 'இல்லை', ஊசிபோல ஒல்லியாக.

"இந்தத் தடியனுக்குப் பேர் உண்டா?"

"குண்டன்னு சொல்வோம்." அவள் முகத்தில் முதல் முறையாக உயிர் வந்தது. "அவனுக்கு ரகசியம் பேசத் தெரியாது மேடம். தெருவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கத்துவான். விளம்பரம், தலைப்பு, எச்சரிக்கை எல்லாத்துக்கும் அவன்தான். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் கூப்பிடமாட்டோம், பொண்ணு வீட்டுக்காரங்க பயந்துருவாங்க. இந்த மேல்வரி தினமும் வேணும், அதனால கோத்த எழுத்தைக் கலைக்காம நூல் கட்டி அப்படியே வெச்சிருப்போம். கீழ நாடகத்துப் பேரை மட்டும் மாத்துவோம்."

"நீங்களே இதை அடிச்சிருந்தா?"

"'இல்லை'யைத்தான் குண்டன்கிட்ட குடுத்திருப்பேன். ஜனங்களுக்கு முக்கியம் அதுதானே? இது எவனோ கட்டி வெச்சதை எடுத்து, கைக்குக் கிடைச்சதைக் கீழ சொருகியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். பிறகு அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் புரியாமல் விழித்தாள். ஆனாலும் புதிதாக ஒரு தாள் அடித்து, பழையது இருந்த அதே கதவில் ஒட்டினாள்.

பதினொன்றரை மணி. எதிர் மாடி. அண்ணன் சால்வை போர்த்திச் சன்னலருகே நின்றிருந்தார்.

"நேத்து ஏன் போகலை?"

"நாடகம் இல்லைன்னு போட்டிருந்துச்சே. இந்தச் சன்னல்லருந்துதான் படிச்சேன். கீழ இறங்கவே இல்லை."

"வேற யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. நானே படிச்சேன்."

"இப்பவும் ஒட்டியிருக்கு. படிங்க."

அண்ணன் எட்டிப் பார்த்தார். பனிக்குள் குண்டன் கன்னங்கரேலென்று நின்றுகொண்டிருந்தான். "இன்று நாடகம் இல்லை. அப்படியேதான் இருக்கு."

"வாங்க, கிட்டப் போய்ப் பார்ப்போம்."

தெருவைக் கடந்தார்கள். முதலாளியும் தங்கையும் காத்திருந்த கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணன் நின்றுவிட்டார். தடித்த வரிக்குக் கீழே, ஒல்லி எழுத்தில், 'உண்டு' என்றிருந்தது.

"இந்தப் பனியில மேலேருந்து குண்டன் மட்டும்தான் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது அவர் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன. "'இன்று நாடகம்'னு மட்டும் படிச்ச கதாநாயகன் அலறியடிச்சு ஓடி வந்திருக்கணும். கிட்ட வந்தவங்களுக்குத்தான் 'இல்லை' தெரியும். கீழ இறங்காத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? அதை அங்க வெச்சவருக்கு மட்டும் படிக்கவே வேண்டாம். தங்கச்சி தூங்கறப்ப சாவியை எடுத்தது நீங்கதான்."

முதலாளி வாயைப் பிளந்தார். அண்ணன் கதவில் சாய்ந்தார்.

"வசனம் நிக்க மாட்டேங்குது" என்றார் மெதுவாக. "ராத்திரி படிக்கறேன், காலையில வெறும் பனியா இருக்கு. ஊர் முன்னாடி நின்னு முழிக்கணுமேன்னு பயந்துட்டேன். ஒரு நாள் தள்ளிப்போனா வந்துரும்னு நெனச்சேன். பழி இவ மேல விழும்னு சத்தியமா நெனைக்கலை."

"விழுந்தப்புறம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்கிட்ட சொல்லியிருந்தா, திரைக்குப் பின்னால நின்னு ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுத்திருப்பேனே அண்ணா. இவங்க எல்லாரும் என்னைத் திருடியைக் கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டிருந்தப்ப, நீ தெரிஞ்சும் மேல சன்னல்லயே நின்னுக்கிட்டிருந்தியே. உனக்கு வசனம் மறந்துபோச்சு, சரி. இதை நான் எப்படி மறக்கறது?"