நகரம் நகரமாகப் போன சிறுநீரகம்

சிறுநீரகம் நான்காவது நகரத்தையும் தாண்டிவிட்டது. எந்த ஊரிலும் அதை இறக்கவில்லை.

ஆல்டர்ஹாஃபன் நகர மருத்துவமனையின் சுவர்த்திரையில் அதன் பயணம் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. குளிர்பேழையைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாப் பறபொறி ஒன்று ஐரோப்பாவின் மேல் ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்தது. தயாபரன் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டிலில் மனைவி சுகிர்தா இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட நிலையில் படுத்திருக்கிறாள். இந்த வாரத்துக்குள் மாற்றாவிட்டால் ஆள் தப்பமாட்டாள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்திலும் மனிதருக்குப் பெருமைப்பட அவகாசம் இருந்தது. என்ன செய்வது, நகரக்கூட்டின் சேவை இயக்குநர் ஆயிற்றே!

நகரக்கூட்டு என்பது நாற்பது நகரங்கள் சேர்ந்து தங்கள் பொதுச்சேவைகளை ஒரே பொறியிடம் ஒப்படைத்த ஏற்பாடு. பள்ளி இடம், வீட்டு அனுமதி, ஓய்வூதியம், ஆஸ்பத்திரிக் கட்டில் எதுவானாலும் குடிமகன் போய் நிற்க வேண்டியதில்லை. அவனுக்குப் பதிலாக அவனுடைய நிழலாள் பொறிக்குள்ளே உட்கார்ந்திருக்கும். அவன் பெயரில், அவன் குரலில், அவன் மொழியில் பேசும். நகரம் கேட்கும், நிழலாள் பதில் சொல்லும், காரியம் முடிந்தது. குடிமகன் குறட்டை விடலாம்.

இந்த நிழலாட்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த கதைதான் கண்றாவி. மனிதர்கள் எப்படிக் கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள் என்று பொறிக்குக் காட்ட வேண்டும். யாருடைய ஊர்ச் சனத்தின் பேச்சைக் கொடுப்பது? நாற்பது நகரமும் மற்ற முப்பத்தொன்பதின் முகத்தைப் பார்த்தன. அந்தரங்கச் சட்டம் இடிக்கும், வழக்கு வரும் என்று பயம். கடைசியில் அதிகாரிகள் ஒரு தியாகம் செய்தார்கள். தங்கள் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளையே கொடுத்தார்கள்.

என்ன கூட்டங்கள் தெரியுமா அவை! அந்த மண்டபத்தில் யாரும் ஒருநாளும் 'வேண்டும்' என்றதில்லை, 'வேண்டாம்' என்றதும் இல்லை. ஒரு திட்டம் அடியோடு பிடிக்காதவர் "அருமையான யோசனை, முதலில் மற்ற நகரங்கள் முயன்று பார்க்கட்டும்" என்பார். உயிர்போகிற அவசரத்தில் இருப்பவர் "எங்களுக்கு அவசரமில்லை" என்பார். அவசரம் காட்டுகிறவன் அங்கே நாகரிகம் தெரியாதவன். மத்தியானச் சாப்பாட்டில் கடைசி கேக் துண்டை எடுக்கக்கூட ஒருவருக்கும் துணிவு கிடையாது; அது தட்டிலேயே காய்ந்து குப்பைக்குப் போகும். இந்த மகா மனிதர்களிடம்தான் கோடிக்கணக்கான நிழலாட்கள் பேச்சுப் பழகின. தமிழ் பேசும் நிழலாட்களுக்கு ஆசான் தயாபரன் ஒருவரே. அதைச் சொல்லிச் சொல்லியே கல்யாண வீடுகளில் ஆட்களைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்.

"இன்னும் கொஞ்ச நேரத்தில இஞ்ச வந்திடும், சுகி" என்றார்.

"ஏனப்பா, முதல் நாலு ஊரிலயும் ஒருத்தருக்கும் பொருந்தேல்லையோ?"

"பொருந்தினது. அவையின்ர நிழலாட்கள் விட்டுக்குடுத்திருக்கினம். எவ்வளவு பெரிய மனசு பார்."

சுகிர்தா தலையணையில் இருந்து தலையைத் தூக்கினாள். "சாகக் கிடக்கிறவை விட்டுக்குடுக்கினமோ? என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"சனம் முதிர்ச்சி அடைஞ்சிட்டுது எண்டு அர்த்தம். போன கணக்கெடுப்பிலயும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் திருப்தி எண்டுதான் சொல்லியிருக்கினம்."

அந்தக் கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னதும் நிழலாட்கள்தான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கிற மண்டையாக இருந்தால் இயக்குநர் பதவிக்கு வந்திருப்பாரா?

மொட்டைமாடியில் பறபொறி இறங்கிய சத்தம் கேட்டது. டாக்டர் ஹெல்கா அறுவைக்கான உடையோடு ஓடிவந்தார். சுவர்த்திரை இனிமையாகப் பேசியது: "சுகிர்தா அவர்களுக்குப் பொருத்தமான சிறுநீரகம் வந்திருக்கிறது. லிண்ட்போர்க் நகரிலும் ஒருவர் காத்திருக்கிறார். ஏற்றுக்கொள்கிறீர்களா?"

சுகிர்தா வாயைத் திறக்குமுன் சுகிர்தாவின் குரல் திரையிலிருந்து வந்தது. "தங்கள் சிரமம் புரிகிறது. எங்களுக்கு அவசரமில்லை. முதலில் லிண்ட்போர்க் நகரம் பயன்பெறட்டும்."

சுகிர்தா மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"குரல் என்ர. கதை உங்கட" என்றாள். "வீட்டில குழாய் வெடிச்சுத் தண்ணி முழங்காலுக்கு நிக்கேக்க, திருத்திறவனுக்கு போன் எடுத்து இதைத்தானே சொன்னனீங்கள்? அவசரமில்லை, மற்ற வீடுகளை முடிச்சிட்டு வாங்கோ எண்டு!"

தயாபரன் அவசரமாக ஹெல்காவின் பக்கம் திரும்பினார். "டாக்டர், பேழையைத் திறவுங்கள்."

"நிழலாள் சம்மதிக்காமல் பூட்டு திறக்காது" என்றார் ஹெல்கா. "லிண்ட்போர்க் போய்ச் சேருவதற்குள் இது கெட்டுவிடும். போன மாதம் வந்ததும் இப்படித்தான், ஊர் ஊராக மரியாதை வாங்கிக்கொண்டே அழுகிப்போனது. நாற்பது ஊரிலும் ஒரு நோயாளிக்கும் கிடைக்கவில்லை."

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன். உங்கள் நிழலாள் என் அக்கறைக்கு நன்றி சொன்னது."

வெட்கம் கெட்ட அந்த ஏற்பாட்டில் நல்ல காலமாக ஒரே ஓர் ஓட்டை இருந்தது. இயக்குநர்கள் நிழலாளை மீறி நேரடியாகப் பேச ஓர் அவசர இணைப்பு. 'வேண்டும்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், பூட்டு விட்டுவிடும். தயாபரன் கைபேசியில் அதைத் திறந்தார்.

"சொல்லுங்கோ!" என்று சுகிர்தா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வேணும் எண்டு சொல்லுங்கோ!"

"நான் இயக்குநர் தயாபரன். இந்தச் சிறுநீரகம் என் மனைவிக்கு..." அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் வெளியே வந்து பழக்கமில்லாத சொல். "...என் மனைவிக்கு வழங்கப்படுவது குறித்து, மற்ற நகரங்களுக்கு ஆட்சேபணை இல்லாத பட்சத்தில், சாதகமாகப் பரிசீலிக்கலாம் என்பது என் தாழ்மையான..."

"அருமையான கருத்து" என்றது பொறி. "மற்ற நகரங்களிடம் கேட்டுச் சொல்கிறோம்."

"சீ! நீங்களும் ஒரு மனிசனே!" சுகிர்தா கைபேசியைப் பறித்தாள். கையில் குத்தியிருந்த ஊசி பிய்ந்து விரிப்பில் இரத்தம் தெறித்தது. "எனக்கு வேணும்! கேக்குதோ? எனக்குத்தான் வேணும்! லிண்ட்போர்க் நாசமாப் போகட்டும், எனக்குச் சாக விருப்பமில்லை! திறவுங்கோடா அந்தப் பெட்டியை!"

பொறி அந்தப் பேச்சைத் தன் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது.

"குரல் பொருந்துகிறது. பேச்சு பொருந்தவில்லை. சுகிர்தா அவர்கள் இவ்வாறு பேசுபவர் அல்லர்."

மாடியில் பறபொறி கிளம்பும் இரைச்சல் எழுந்தது. டாக்டர் ஹெல்கா கையுறையைக் கழற்றினார். திரையில் பச்சைப் புள்ளி மறுபடி நகரத் தொடங்கியபோது, சுகிர்தாவின் குரல் அங்கிருந்து பணிவாகக் கேட்டது.

"அந்த அம்மையாரின் நடத்தைக்கு வருந்துகிறேன். எங்களால் காத்திருக்க முடியும்."